குரல் ஏன் சன்னமாகக் கேட்கிறது?

வீட்டு ரெக்கார்டிங்கில் வரும் தொல்லையும், அதைத் தீர்க்கும் வழியும்

ஒரு பாட்டைப் பதிவு செய்யவேண்டும் என்றால், ஒரு காலத்தில் பட்டணத்து ஸ்டூடியோவுக்குத்தான் போகவேண்டும். வெளிச்சத்தம் நுழையாத அறை, மேஜை அகலத்துக்கு வரிசை வரிசையாகக் குமிழ்கள், கண்ணாடிக்கு அப்பால் ஓர் என்ஜினீயர் என்று அது ஒரு தனி உலகம்.

இன்று அந்த உலகம் ஒரு டிபன் பாக்ஸ் அளவுள்ள பெட்டிக்குள் வந்துவிட்டது!

அந்தப் பெட்டியின் பெயர் "ஆடியோ இன்டர்பேஸ்" என்பதாகும். "சவுண்ட் கார்டு" என்றும் சொல்வார்கள். ஒரு பக்கம் மைக்கை மாட்டவேண்டும். மறுபக்கம் கம்ப்யூட்டரில் இணைக்கவேண்டும். அவ்வளவுதான். வீட்டுக் கூடமே ஸ்டூடியோ ஆகிவிடும்.

ஆனால் ஆசையோடு வாங்கி வந்து, முதல் பாட்டைப் பாடியதும் பலருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. தொண்டை வலிக்கப் பாடியும், திருப்பிக் கேட்கும்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது.

"பெட்டி பழுது" என்கிறார் ஒருவர். "மைக் சரியில்லை, வேறு வாங்கு" என்கிறார் இன்னொருவர். வேறு மைக் வருகிறது. பணம் கரைகிறது. சத்தம் மட்டும் கூடவில்லை!

பெரும்பாலும் பெட்டி கெட்டிருப்பதில்லை. எங்கோ ஒரு குமிழ் குறைவாக இருக்கும். ஒரு பொத்தான் அமுக்கப்படாமல் இருக்கும். அல்லது ஒயர் தவறான துளையில் போயிருக்கும். அது எந்த இடம் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும்.

தலைமடையும் கடைமடையும்

ஏரித் தண்ணீர் வயலுக்கு எப்படி வருகிறது? மதகு, வாய்க்கால், மடை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வருகிறது. கடைசி வயலில் தண்ணீர் இல்லை என்றால், அனுபவமுள்ள விவசாயி அங்கேயே நின்று மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்க மாட்டார். தலைமடை திறந்திருக்கிறதா என்று பார்க்க நடப்பார்.

குரலும் இப்படித்தான் பயணம் செய்கிறது. வாயிலிருந்து மைக்குக்குப் போகிறது. மைக்கிலிருந்து ஒயர் வழியாகப் பெட்டிக்குப் போகிறது. பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிறது. திருப்பிக் கேட்கும்போது, கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்கு வந்து, ஹெட்போன் வழியாகக் காதுக்கு வருகிறது.

வழியில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு மடை உண்டு. எந்த மடை மூடியிருக்கிறது என்று வரிசையாகப் பார்க்கவேண்டும்.

முதல் மடையில் குறைந்ததைக் கடைசி மடையில் ஈடு செய்ய முடியாதா? முடியாது. தூரத்தில் நின்று பாடிவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் சத்தத்தை ஏற்றினால், குரலோடு சேர்ந்து மின்விசிறிச் சத்தமும், தெருவில் போகும் ஆட்டோவின் சத்தமும் ஏறிவிடும். குரல் பெரிதாகும், ஆனால் தெளிவாகாது.

ஒரே ஒரு பரீட்சை

முதலில் ஒரு கேள்விக்கு விடை காணவேண்டும். குரல் பதிவாவதே குறைவாக இருக்கிறதா? அல்லது சரியாகப் பதிவாகி, காதுக்கு வருவது மட்டும் குறைவாக இருக்கிறதா?

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அதே பெட்டி, அதே ஹெட்போன் மூலம் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள்.

சினிமாப் பாட்டும் சன்னமாகக் கேட்டால், கோளாறு கேட்கும் வழியில் இருக்கிறது. மைக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

சினிமாப் பாட்டு கணீரென்று கேட்டு, வீட்டில் பதிவு செய்த குரல் மட்டும் மிகவும் சன்னமாக இருந்தால், கோளாறு பதிவு செய்யும் வழியில் இருக்கிறது.

இந்த ஒரு பரீட்சையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

மைக் தரும் மின்சாரம் எவ்வளவு?

மைக் என்ன செய்கிறது? குரலை மின்சாரமாக மாற்றுகிறது. ஆனால் அந்த மின்சாரம் மிக மிகச் சிறியது.

கடிகாரத்தில் போடும் பேனா செல் 1.5 வோல்ட். அதாவது 1,500 மில்லிவோல்ட். மேடைகளில் பாடகர்கள் கையில் பிடித்திருக்கும் சாதாரண டைனமிக் மைக், நன்றாகப் பாடும் குரலுக்குத் தருவது ஒன்றிரண்டு மில்லிவோல்ட்தான்! செல்லில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சிறிய மின்சாரத்தை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பெட்டி முதலில் அதைப் பெருக்குகிறது. பெட்டியின் முகப்பில் "கெயின்" என்று ஒரு குமிழ் இருக்கும். பெருக்கும் வேலை அந்தக் குமிழின் கையில்தான் இருக்கிறது.

எவ்வளவு பெருக்குகிறது என்பதை "டெசிபல்" என்ற கணக்கில் சொல்வார்கள். டெலிபோனைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் நினைவாக வந்த பெயர் இது. 20 டெசிபல் என்றால் 10 மடங்கு. 40 டெசிபல் என்றால் 100 மடங்கு. 60 டெசிபல் என்றால் 1,000 மடங்கு!

பலர் இந்தக் குமிழைத் தொடப் பயப்படுகிறார்கள். பாதிக்குக் கீழே வைத்துவிட்டு, "சத்தம் இல்லை" என்கிறார்கள். டைனமிக் மைக்குக்கு முக்கால் பங்குக்கு மேல் திருகவேண்டியிருப்பது சகஜம். அது தப்பே அல்ல.

கிட்டே வாருங்கள்!

குமிழுக்கும் முன்னால் ஒரு மடை இருக்கிறது. அதற்குக் காசு செலவில்லை. அதுதான் தூரம்.

வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், மைக் தரும் மின்சாரம் சுமார் இரண்டு மடங்காகும். 4 அடி தூரத்தில் நின்று பாடுகிறவர் 2 அடிக்கு வந்தால் இரண்டு மடங்கு. 1 அடிக்கு வந்தால் நான்கு மடங்கு. அரை அடிக்கு வந்தால் எட்டு மடங்கு!

மின்விசிறியும் தெருவும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே அந்தச் சத்தம் எட்டு மடங்கு ஆகாது. குரல் மட்டும் எழும். எந்த விலை உயர்ந்த கருவியும் செய்யாத வேலையை இரண்டு எட்டு நடை செய்துவிடுகிறது.

டைனமிக் மைக் என்றால் நாலு விரற்கடை தூரம் போதும். கண்டன்சர் மைக் என்றால் ஒரு சாண் தூரம் நல்லது. மிகவும் ஒட்டிப் பாடினால் "ப", "பா" என்னும் எழுத்துக்களில் மூச்சு மோதிப் "புஸ்" என்று சத்தம் வரும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே ஒதுக்கி வைத்தால் அது குறையும்.

எந்தப் பக்கம் பாடுவது?

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மேடை மைக்கின் நுனியில் பாடவேண்டும். ஆனால் ஸ்டூடியோ கண்டன்சர் மைக்குகள் பலவற்றில் நுனியில் பாடக்கூடாது, பக்கவாட்டில் பாடவேண்டும். அதிலும் ஒரு பக்கம்தான் காது. மறுபக்கம் முதுகு!

பெரும்பாலும் கம்பெனியின் முத்திரை உள்ள பக்கமே காது உள்ள பக்கம். சில மைக்குகளில் இதய வடிவத்தில் ஒரு சிறு அடையாளம் இருக்கும். முதுகுப் பக்கம் பாடினால் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்கும். மைக்கைத் திருப்பி வைத்தாலே நோய் தீர்ந்துவிடும்.

48 வோல்ட்டின் கதை

பெட்டியின் முகப்பில் "48 வி" என்று ஒரு பொத்தான் இருக்கும். பலர் இதை அமுக்குவதே இல்லை.

டைனமிக் மைக்குக்கு வெளி மின்சாரம் வேண்டாம். காந்தத்தின் நடுவே ஒரு சிறு கம்பிச் சுருள் ஆடுகிறது. அந்த ஆட்டத்திலேயே மின்சாரம் பிறக்கிறது. 1831-ம் ஆண்டு இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த தத்துவம் இது.

கண்டன்சர் மைக் அப்படியல்ல. அதன் உள்ளே சிறு மின் சுற்று இருக்கிறது. அதற்குச் சாப்பாடு போடவேண்டும். அந்தச் சாப்பாடுதான் 48 வோல்ட். அதைப் போடாவிட்டால் மைக் வாயைத் திறக்காது. அல்லது முனகும்.

அது ஏன் 48? ஐம்பது என்று வைத்திருக்கக்கூடாதா? அதற்கு ஒரு சுவையான கதை உண்டு.

1966-ம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த "நாய்மன்" கம்பெனி, டிரான்சிஸ்டர் வைத்த புது மைக்கை நார்வே நாட்டு வானொலிக்காகக் கொண்டுபோயிற்று. நார்வேயில் குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் மிகவும் குறைவு. ஆகவே அந்த வானொலியின் ஸ்டூடியோக்களில் துணை விளக்குகள் எரிவதற்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கனவே இருந்தது. "அதையே மைக்குக்கும் கொடுத்தால் என்ன?" என்று கொடுத்தார்கள். அதுவே உலகம் முழுவதற்கும் வழக்கமாகிவிட்டது!

இதற்குப் "பேன்டம் பவர்" என்று பெயர். பேன்டம் என்றால் ஆவி. இந்த மின்சாரத்துக்குத் தனி ஒயர் கிடையாது. குரல் வரும் அதே ஒயர்களில் கண்ணுக்குத் தெரியாமல் எதிர்த்திசையில் போகிறது. ஆகவேதான் இந்தப் பெயர்.

இந்தப் பொத்தானை அமுக்கும் முன் கெயினையும் ஹெட்போன் குமிழையும் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் "டொப்" என்ற பெரும் சத்தம் காதைத் தாக்கும். அமுக்கியபின் சில விநாடிகள் பொறுத்திருந்து, பிறகு மெல்லக் கூட்டுங்கள். "ரிப்பன் மைக்" என்ற வகை வைத்திருப்பவர்கள் மட்டும், கூட வந்த குறிப்பைப் படிக்காமல் இந்தப் பொத்தானைத் தொடக்கூடாது.

புகழ் பெற்ற மைக்கும் சன்னக் குரலும்

"விலை உயர்ந்த மைக் வாங்கினால் சத்தம் கூடும்" என்பது தவறான நம்பிக்கை. சில சமயம் நேர்மாறாகவும் நடக்கும்.

அமெரிக்காவின் "ஷூர்" கம்பெனி செய்யும் எஸ்.எம்.7பி என்ற மைக் உலகப் புகழ் பெற்றது. இதன் மூத்த அண்ணனான எஸ்.எம்.7 மைக்கில் பாடித்தான் மைக்கேல் ஜாக்சன் 1982-ல் வெளிவந்த "திரில்லர்" இசைத்தட்டைப் பதிவு செய்தார். ரெக்கார்டிங் என்ஜினீயர் புரூஸ் சுவீடியன் அந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தார்.

இந்தப் புகழைக் கேட்டுப் பலர் இதை வாங்குகிறார்கள். ஆனால் இது மற்ற டைனமிக் மைக்குகளைவிடக் குறைவான மின்சாரம் தரும் மைக்! குறிப்பிட்ட அளவு சத்தத்துக்கு ஷூர் எஸ்.எம்.58 என்ற மேடை மைக் 1.85 மில்லிவோல்ட் தருகிறது. அதே சத்தத்துக்கு எஸ்.எம்.7பி தருவது 1.12 மில்லிவோல்ட்தான். குறைந்தது 60 டெசிபல் பெருக்கவேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது. சிறிய பெட்டிகள் சிலவற்றால் அவ்வளவு பெருக்க முடிவதில்லை.

குமிழைக் கடைசிவரை திருகியும் போதவில்லை என்றால், இடையில் ஒரு சிறு பெருக்கிக் கருவியை வைப்பார்கள். 48 வோல்ட்டில் ஓடும் இத்தகைய கருவி சுமார் 25 டெசிபல் கூட்டித் தரும். இந்தத் தொல்லையை அறிந்து, 2023-ல் அந்தக் கம்பெனியே பெருக்கியை உள்ளே வைத்து எஸ்.எம்.7டிபி என்ற புது மைக்கை வெளியிட்டது.

ஆகவே மைக் வாங்குமுன் பெட்டியின் சக்தியைப் பாருங்கள். வண்டிக்கு ஏற்ற மாடு வேண்டும்!

துளை மாறினால் தொல்லை

பெட்டியில் ஒரே துளையில் இரண்டு வித ஒயர்களை மாட்டலாம். மூன்று முள் உள்ள வட்டமான தலை ஒன்று. இதற்கு "எக்ஸ்எல்ஆர்" என்று பெயர். கிதாரில் மாட்டும் நீண்ட ஒற்றைக் குச்சித் தலை மற்றொன்று. துளை ஒன்றுதான், ஆனால் உள்ளே வழி இரண்டு.

மூன்று முள் வழி, மைக்குக்காக ஏற்பட்டது. நிறையப் பெருக்கும். 48 வோல்ட்டும் கொடுக்கும். குச்சி வழி, கிதார், கீபோர்டு போன்றவற்றுக்காக ஏற்பட்டது. குறைவாகத்தான் பெருக்கும். 48 வோல்ட் கொடுக்காது.

மைக்கோடு கடைகளில் தரும் ஒயர் ஒன்று இருக்கிறது. ஒரு முனையில் மூன்று துளை, மறு முனையில் குச்சி. அதைப் பெட்டியில் மாட்டினால் பொருத்தமாக உள்ளே போகும். ஆனால் குரல் சன்னமாகவே வரும், அல்லது வரவே வராது! இரண்டு முனையிலும் எக்ஸ்எல்ஆர் உள்ள ஒயரை வாங்கி மாட்டினால், "கெட்டுப்போன" மைக் உடனே உயிர் பெறும்.

"பேட்" என்ற பொத்தான் இருந்தால் அதையும் பாருங்கள். பெரிய முழக்கமுள்ள தவில் போன்ற வாத்தியங்களுக்காக, வரும் மின்சாரத்தை 10 அல்லது 20 டெசிபல் குறைப்பது அதன் வேலை. 20 டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கு! தவறுதலாக அது அமுங்கியிருந்தால் குரல் படுத்துவிடும்.

கிதார் மாட்டும்போது "இன்ஸ்ட்" என்ற பொத்தானை அமுக்கவேண்டும். அமுக்காவிட்டால் கிதார் சன்னமாகவும் மந்தமாகவும் கேட்கும்.

பாடகரை விழுங்கும் ஒயர்

செல்போனிலிருந்து ஒரு பாட்டைப் பெட்டிக்குள் அனுப்பும்போது சிலருக்கு ஓர் ஆச்சரியம் நடக்கும். வாத்தியங்கள் கேட்கும். பாடகரின் குரல் மட்டும் மறைந்துவிடும்!

இது மாயமல்ல. பெட்டியின் துளை இரண்டு கம்பிகளில் வரும் மின்சாரத்தின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் ஒரே மாதிரி வருவதை "இது வழியில் ஒட்டிய இரைச்சல்" என்று தள்ளிவிடும். மைக் ஒயருக்கு இது மிக நல்ல ஏற்பாடு.

ஆனால் செல்போனின் ஹெட்போன் துளையிலிருந்து வரும் ஒயரில் ஒரு கம்பியில் இடது காதுக்கான ஒலியும், மறு கம்பியில் வலது காதுக்கான ஒலியும் வருகின்றன. பாடகரின் குரல் இரண்டிலும் சமமாக இருக்கிறது. பெட்டி அதை இரைச்சல் என்று எண்ணித் தள்ளிவிடுகிறது! இடது, வலது இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஒயரை வாங்கி, இரண்டு துளைகளில் மாட்டினால் பாடகர் திரும்பி வந்துவிடுவார்.

கம்ப்யூட்டர் யாரைக் கேட்கிறது?

இனி கம்ப்யூட்டர். இங்கே நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. லேப்டாப்பில் பிறவியிலேயே ஒரு சிறிய மைக் இருக்கிறது. புதுப் பெட்டியை இணைத்த பிறகும், கம்ப்யூட்டர் அந்தப் பழைய மைக்கிலேயே குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும்!

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இதோ. புது மைக்கின் வலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பிறகு லேப்டாப்பின் விளிம்பைச் சுரண்டுங்கள். எதற்குத் திரையில் அளவுக் கோடு துள்ளுகிறது? லேப்டாப்புக்குத் துள்ளினால், அமைப்பில் போய்ப் பெட்டியின் பெயரைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இன்னொரு விஷயமும் உண்டு. பேச்சு அழைப்பு வந்திருப்பதாக அது நினைத்தால், மற்ற ஒலிகளைத் தானாகவே 80 சதவீதம் குறைத்துவிடும். ஒலி அமைப்பில் "கம்யூனிகேஷன்ஸ்" என்ற பக்கத்தில், "டூ நத்திங்", அதாவது "ஒன்றும் செய்யாதே" என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை ஒழியும்.

பெட்டியைக் கம்ப்யூட்டரில் நேரடியாக மாட்டுங்கள். ஒரே துளையைப் பல துளைகளாக்கும் "ஹப்" வழியாக மாட்டினால், சில சமயம் பெட்டிக்குப் போதிய மின்சாரம் கிடைக்காது.

கேட்கும் வழியில் கோளாறா?

சினிமாப் பாட்டும் சன்னமாகக் கேட்டதா? அப்படியானால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான்.

பெட்டியில் ஹெட்போனுக்குத் தனிக் குமிழ் இருக்கும். கெயின் குமிழைத் திருகிவிட்டு, ஹெட்போன் குமிழை மறந்துவிடுவார்கள். கம்ப்யூட்டரிலும் ஓர் ஒலி அளவு உண்டு. இரண்டையும் பாருங்கள்.

சில பெட்டிகளில் "மிக்ஸ்" என்று ஒரு குமிழ் உண்டு. ஒரு பக்கம் திருகினால் மைக்கின் குரல் மட்டும் கேட்கும். மறுபக்கம் திருகினால் கம்ப்யூட்டரின் பாட்டு மட்டும் கேட்கும். தவறான பக்கம் இருந்தால் ஒன்று சன்னமாகத்தான் இருக்கும்.

ஹெட்போனிலும் வகை உண்டு. "ஓம்ஸ்" என்ற கணக்கைப் பாருங்கள். டிடி 770 புரோ என்ற புகழ் பெற்ற ஜெர்மன் ஹெட்போன், 32, 80, 250 ஓம்ஸ் என்று மூன்று வகைகளில் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கும் சிறிய பெட்டியில் 250 ஓம்ஸ் ஹெட்போனை மாட்டினால் சத்தம் குறைவாகவே இருக்கும். வீட்டுக்கு 32 அல்லது 80 போதும்.

குரல் இடது காதில் மட்டும் கேட்கிறதா? அதற்கும் பயப்படவேண்டாம். முதல் துளையில் வரும் ஒலியை இடது காதுக்கும், இரண்டாவது துளையில் வருவதை வலது காதுக்கும் பெட்டி அனுப்புகிறது. பதிவு செய்யும்போது "ஸ்டீரியோ" என்பதற்குப் பதில் "மோனோ" என்று வைத்தால் இரண்டு காதிலும் கேட்கும்.

நிரம்பி வழியக்கூடாது

"சத்தம் வேண்டும்" என்பதற்காகக் கெயின் குமிழைக் கடைசிவரை திருகிவிடலாமா? கூடாது!

கம்ப்யூட்டரின் அளவுக் கோட்டில் உச்சி "0" என்பதாகும். அதற்கு மேல் இடமில்லை. குரல் அந்த உச்சியை முட்டினால் அலையின் தலை வெட்டுப்படும். கரகரவென்று கேட்கும். வெட்டுப்பட்டதை முழுவதும் சரி செய்ய முடியாது.

பாட்டிலேயே உரக்கப் பாடும் அடியைப் பாடிக்கொண்டு கெயினை மெல்லக் கூட்டுங்கள். கோடு மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவே எட்டினால் போதும். அங்கேயே நிறுத்துங்கள். சிவப்பு விளக்கு எரியவே கூடாது.

"சினிமாப் பாட்டு இதைவிட உரக்கக் கேட்கிறதே?" என்று கேட்கலாம். அது உண்மை. பாட்டு முழுவதும் முடிந்தபின், "மாஸ்டரிங்" என்ற வேலையில் அதன் சத்தத்தை உயர்த்தியிருக்கிறார்கள். சமையல் முடிந்த பிறகு தாளிப்பதுபோல அது கடைசி வேலை. பதிவு செய்யும்போது கொஞ்சம் குறைவாக இருப்பது குறையல்ல.

பழைய 16 பிட் முறையில் ஒலியின் அளவை 65,536 படிகளில் எழுதினார்கள். இன்றைய பெட்டிகளின் 24 பிட் முறையில் 1,67,77,216 படிகள் உண்டு! ஆகவே சற்றுக் குறைவாகப் பதிவானாலும் நுட்பம் கெடாது. "ஆடாசிட்டி" போன்ற இலவச மென்பொருளில் "ஆம்ப்ளிபை" என்ற வேலையைச் செய்தால் நொடியில் சத்தம் ஏறிவிடும்.

கிட்டத்தில் பாடி, சுத்தமாகப் பதிவானதைப் பிறகு ஏற்றலாம். தூரத்தில் பாடி, இரைச்சலில் கலந்ததை ஏற்றிப் பயனில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

காது ஜாக்கிரதை!

சன்னமாகக் கேட்கிறது என்று ஹெட்போன் குமிழை முழுவதும் திருகிவிட்டு, மற்ற குமிழ்களை நோண்டுவது ஆபத்து. மூடியிருந்த மடை திடீரென்று திறந்தால், முழுச் சத்தமும் காதில் பாயும்.

80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். கெட்டுப்போன ஹெட்போனுக்கு வேறு ஹெட்போன் வாங்கலாம். காதை எங்கே வாங்குவது? எதைத் திருகினாலும், மாட்டினாலும், முதலில் ஹெட்போன் குமிழைக் குறையுங்கள்.

பாட்டிக்கு முன் பரீட்சை

இவ்வளவும் எதற்கு? பணம் மிச்சம் என்பது ஒன்று. அதைவிடப் பெரியது இன்னொன்று இருக்கிறது.

பல வீடுகளில் இந்தப் பெட்டியை வாங்குவது பெரியவர்களின் குரலைப் பிடித்துவைக்கத்தான். எண்பது வயதுப் பாட்டியின் தாலாட்டு, தாத்தா சொல்லும் ஊர்க் கதை, நடவுப் பாட்டு, ஒப்பாரி, இவையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

ஒரு வீட்டில் பாட்டி பாடி முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேத்தி கேட்டுப் பார்க்கிறாள். குரலே இல்லை.

"பாட்டி, இன்னொரு தரம் பாடுங்க பாட்டி" என்கிறாள்.

"போதும்டி அம்மா, தொண்டை கட்டுது. நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார் பாட்டி.

அந்த நாளை எத்தனை வீடுகளில் வராமலே போயிருக்கிறது! வந்தாலும், முதல் தடவை நினைவுக்கு வந்த அடிகள் மறுதடவை வருமா?

ஆகவே பரீட்சையைப் பாட்டியின் குரலில் செய்யாதீர்கள். முதல் நாளே வீட்டுப் பிள்ளைகள் பாடிப் பார்த்து எல்லா மடையையும் திறந்து வைக்கவேண்டும். பாட்டி வந்து உட்கார்ந்ததும், மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, "பாடுங்க பாட்டி" என்று சொல்வது ஒன்றுதான் பாக்கி இருக்கவேண்டும்.

இந்த வரிசையில் பாருங்கள்

1. ஹெட்போன் குமிழைக் குறையுங்கள். பிறகு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு, மெல்லக் கூட்டிக் கேளுங்கள். கோளாறு எந்த வழியில் என்று தெரிந்துவிடும்.

2. மைக்கின் சரியான பக்கத்தில், ஒரு சாணுக்குள் நின்று பாடுங்கள்.

3. கண்டன்சர் மைக் என்றால் 48 வோல்ட் பொத்தானை அமுக்குங்கள்.

4. இரண்டு முனையிலும் எக்ஸ்எல்ஆர் உள்ள ஒயரா என்று பாருங்கள்.

5. "பேட்" பொத்தான் அமுங்கியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

6. உரக்கப் பாடி, கெயினை மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவே நிறுத்துங்கள்.

7. நகத்தால் சுரண்டி, கம்ப்யூட்டர் எந்த மைக்கைக் கேட்கிறது என்று பாருங்கள்.

8. இவ்வளவுக்கும் சரியாகாவிட்டால், ஒயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிறகு மைக்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிறகு பெட்டியின் இரண்டாவது துளையில் மாட்டிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால், குற்றவாளி யார் என்று தெரியாது.

இந்த எட்டையும் செய்த பிறகும் குரல் எழவில்லை என்றால், அப்போது பெட்டியைப் பழுது பார்ப்பவரிடம் எடுத்துச் செல்லலாம். "இன்னின்னதைப் பார்த்துவிட்டேன்" என்று சொன்னால், அவருக்கும் வேலை சுலபம். உங்களுக்கும் செலவு குறைவு.

கடைமடையில் தண்ணீர் இல்லையா? தலைமடையிலிருந்து பார்த்து வாருங்கள்!